மீன் பண்ணை வேலைக்கு வெளிநாட்டு விசா: பணம் கேட்பவர் யார், தாள் கேட்பவர் யார்?

போன ஐப்பசியில் வேதாரண்யம் பக்கத்து இறால் பண்ணை ஒன்றில் வேலை பார்க்கும் தம்பி ஒருவர் தன் போனில் ஒரு கடிதத்தைத் திறந்து காட்டினார். நார்வேயில் சால்மன் மீன் பண்ணை. மாதம் 3,200 யூரோ சம்பளம். தங்குமிடமும் சாப்பாடும் இலவசம். முன் அனுபவம் தேவையில்லை. விசாவை நிறுவனமே ஸ்பான்சர் செய்யும். 'விசா கோட்டாவில் இடம் பிடிக்க' 85,000 ரூபாயை மட்டும் மூன்று நாளைக்குள் ஒரு தனிநபர் வங்கிக் கணக்கில் போட வேண்டும்.

"கட்டிடலாமாண்ணே?" என்று கேட்டார். வீட்டில் இருந்த நகையை அடகு வைக்கப் பேசி முடித்துவிட்டார்.

கடிதத்தை இரண்டு முறை படித்தேன். நார்வேயில் யூரோ கிடையாது, அவர்களுடைய பணம் குரோனே. அந்த நாட்டுக் கம்பெனி தன் ஆளுக்குத் தரும் சம்பளத்தை வேறு நாட்டுப் பணத்தில் ஏன் எழுதப்போகிறது? அது ஒன்றே போதும், கடிதம் பொய் என்று சொல்ல. ஆனால் என்னை உறுத்தியது வேறு வரி. 'முன் அனுபவம் தேவையில்லை.' இந்தத் தம்பி ஆறு வருடம் குளத்து மேட்டில் படுத்து எழுந்தவர். விடியற்காலை நான்கு மணிக்கு இறால் கரையோரம் ஒதுங்குவதைப் பார்த்தே தண்ணீரில் ஆக்சிஜன் இறங்கிவிட்டது என்று சொல்லி ஏரேட்டரைப் போடத் தெரிந்தவர். வெளிநாட்டு வேலைக்கு அவர் கையில் இருக்கும் ஒரே சொத்து அந்த ஆறு வருடம்தான். அது வேண்டவே வேண்டாம் என்று எழுதிய கடிதத்தை அவர் அதிர்ஷ்டம் என்று நினைத்தார்.

கட்ட வேண்டாம் என்று சொன்னேன். அன்று அவரிடம் திண்ணையில் உட்கார்ந்து சொன்னவற்றையும், அதற்குப் பிறகு தேடிப் படித்து உறுதி செய்துகொண்டவற்றையும் இங்கே எழுதுகிறேன். விசா விதிகள் அடிக்கடி மாறும். விண்ணப்பிக்கும் நாளில் அந்தந்த நாட்டின் அரசு இணையதளத்தில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

ஸ்பான்சர் என்றால் என்ன?

'விசா ஸ்பான்சர்' என்ற சொல்லை நம் ஊரில் தாராளமாகப் புழங்குகிறோம். அதன் பொருள் எளிது. ஒரு முதலாளி தன் நாட்டு அரசாங்கத்திடம் போய், 'இந்த வேலைக்கு உள்ளூரில் ஆள் கிடைக்கவில்லை, வெளியிலிருந்து கொண்டுவர அனுமதி கொடுங்கள், வருகிற ஆளுக்கு நான் பொறுப்பு' என்று எழுதிக் கொடுத்து, அதற்கான கட்டணத்தையும் கட்டுவது. முதல் விண்ணப்பம் அவருடையது. அந்த அனுமதி கிடைத்த பிறகுதான் உங்கள் பெயரில் விசா விண்ணப்பமே தொடங்கும். ஆகவே பணமும் பொறுப்பும் முதலில் அவர் தலையில் ஏறவேண்டும். உங்கள் தலையில் ஏறினால் அதற்கு ஸ்பான்சர் என்று பெயர் இல்லை.

உங்கள் செலவு என்று சிலது உண்டு. பாஸ்போர்ட், மருத்துவப் பரிசோதனை, போலீஸ் சான்று, விசா விண்ணப்பக் கட்டணம், விரல்ரேகைப் பதிவு. இவற்றை அரசு அலுவலகத்திலோ அதன் அதிகாரபூர்வ மையத்திலோ ரசீதோடு கட்டுவீர்கள். 'கோட்டா', 'சீட்', 'ஃபைல் ஓப்பனிங்', 'எம்பஸி டெபாசிட்' என்ற பெயர்களில் கேட்கப்படும் எதுவும் இந்தக் கணக்கில் வராது.

அங்கே என்ன வேலை?

வெளிநாட்டு மீன் பண்ணை என்றால் பெரும்பாலும் இரண்டு வகை. ஒன்று நமக்குப் பழகிய இறால், கொடுவா போன்றவற்றின் குளங்களும் ஹேட்சரிகளும். வளைகுடா நாடுகளில் இது அதிகம். மற்றொன்று குளிர்கடலில் மிதக்கும் கூண்டுகளில் வளர்க்கும் சால்மன். நார்வே, ஸ்காட்லாந்து, கனடா, சிலி, ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியா ஆகியவை அதற்குப் பேர்போனவை.

சால்மன் கூண்டு வளர்ப்பு பழைய தொழில் அல்ல. 1970இல் நார்வேயின் ஹித்ரா தீவில் க்ரோன்ட்வெட் சகோதரர்கள் மிதக்கும் கூண்டில் மீன்குஞ்சு விட்டு வெற்றி கண்டதிலிருந்துதான் அது பெரிய தொழிலானது. இன்று அந்த ஒரு நாடு ஆண்டுக்குச் சுமார் 15 லட்சம் டன் சால்மன் வளர்க்கிறது. ஒரு கூண்டின் சுற்றளவு 160 மீட்டர் வரை சர்வசாதாரணம். ஒரு கூண்டில் 2 லட்சம் மீனுக்கு மேல் விடக்கூடாது, ஒரு கன மீட்டர் தண்ணீரில் 25 கிலோ மீனுக்கு மேல் இருக்கக்கூடாது என்பது அங்கே சட்டம். நம் குளத்தில் சதுர மீட்டருக்கு எத்தனை குஞ்சு என்று கணக்குப் போடுகிறோமே, அதே கணக்குதான், ஆழத்தையும் சேர்த்து.

அங்கே தீவனத்தை யாரும் கையால் வீசுவதில்லை. குழாய் வழியே காற்றழுத்தத்தில் போகும். கேமராவில் மீன் சாப்பிடுவதைப் பார்த்து அளவைக் கூட்டுவார்கள், குறைப்பார்கள். ஆனால் உடல் உழைப்பு குறைவு என்று எண்ண வேண்டாம். செத்த மீனை அன்றாடம் எடுக்க வேண்டும். வலையைக் கழுவ வேண்டும், கிழிசல் பார்க்க வேண்டும். சால்மனின் தோலில் ஒட்டி வாழும் கடல் பேன் பெரிய தொல்லை. தண்ணீர் 4 டிகிரியும் அதற்கு மேலும் இருக்கும் காலத்தில் ஏழு நாளைக்கு ஒருமுறை மீன்களைப் பிடித்து, மயக்கி, ஒவ்வொன்றிலும் எத்தனை பேன் என்று எண்ணிக் கணக்கு அனுப்ப வேண்டும். வயதுவந்த பெண் பேன் சராசரியாக மீனுக்கு 0.5ஐத் தாண்டினால் பண்ணை நடவடிக்கை எடுத்தாக வேண்டும். உறைய வைக்கும் காற்றில், ஆடும் மேடையில் நின்றுகொண்டு, ரப்பர் கையுறையோடு பேன் எண்ணுவதைக் கற்பனை செய்து பாருங்கள். அதுவும் வட நார்வேயில் டிசம்பர் மாதம் சூரியனே எழும்பாது. இரண்டு வாரம் பண்ணையிலேயே தங்கி வேலை, இரண்டு வாரம் ஓய்வு என்கிற முறை பல இடங்களில் உண்டு. இதையெல்லாம் தெரிந்துகொண்டு 'நான் தயார்' என்று சொல்கிறவருக்குத்தான் இந்த வேலை.

எந்த நாட்டில் வழி திறந்திருக்கிறது?

கசப்பானதை முதலில் சொல்லிவிடுகிறேன். 'அனுபவம் வேண்டாம், படிப்பு வேண்டாம், வந்தால் போதும்' என்று மீன் பண்ணைக்கு நம்மை அழைக்கும் பணக்கார நாடு இன்று எதுவும் இல்லை. ஒவ்வொரு நாட்டின் கதவும் வேறு வேறு அளவு திறந்திருக்கிறது.

நார்வே கடினம். ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதிக்கு வெளியே இருந்து போகிறவருக்கு அங்கே பிரதான வழி, திறன்பெற்ற தொழிலாளர் அனுமதி. பட்டமோ முறையான தொழிற்பயிற்சியோ வேண்டும், அந்தப் படிப்பு பார்க்கப்போகும் வேலைக்குப் பொருந்த வேண்டும், கையில் உறுதியான வேலை அழைப்பு இருக்க வேண்டும். போலந்து, லிதுவேனியா நாட்டு இளைஞர்கள் அனுமதி எதுவும் கேட்காமல் வந்து இறங்கும் ஊரில், வலை கழுவ வேதாரண்யத்திலிருந்து ஆள் எடுக்க வேண்டிய அவசியம் அந்த முதலாளிக்கு இல்லை. ஆனால் மீன்வள அறிவியல் பட்டம் பெற்று, ஹேட்சரியிலோ மீன் நோய் ஆய்வகத்திலோ வேலை பார்த்தவருக்கு வாய்ப்பு உண்டு. மோவி, சால்மார், லெரோய், செர்மாக் போன்ற பெரிய நிறுவனங்கள் தங்கள் இணையதளத்திலேயே வேலைகளை அறிவிக்கின்றன. நார்வே அரசின் 'அர்பைட்ஸ்ப்ளாஸன்' வேலைத்தளத்திலும் தேடலாம். மீன்வளர்ப்புக்கு அவர்கள் சொல்லும் சொல் 'ஹவ்ப்ரூக்', பண்ணையில் மீனைப் பார்த்துக்கொள்கிறவர் 'ரொக்தர்'. அங்கே மேற்படிப்பு படித்து வேலை தேடலாம் என்று நினைப்பவர்கள் ஒன்றை அறிய வேண்டும். 2023 இலையுதிர் காலத்திலிருந்து ஐரோப்பாவுக்கு வெளியே இருந்து வரும் மாணவர்களுக்கு நார்வேயின் அரசுப் பல்கலைக்கழகங்களிலும் கட்டணம் உண்டு. 'நார்வேயில் படிப்பு இலவசம்' என்று இன்னும் சொல்லிக்கொண்டிருக்கும் ஏஜென்ட் பழைய கதையை விற்கிறார்.

கனடாவைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பொய்க் கடிதங்களில் அதிகம் அடிபடும் பெயர் அது. அங்கே மீன் பண்ணைத் தொழிலாளிக்குத் தனிக் குறியீடு இருக்கிறது: 85102. முதலாளி முதலில் 'எல்எம்ஐஏ' என்கிற தொழிலாளர் சந்தை மதிப்பீட்டை அரசிடம் வாங்க வேண்டும். ஓர் இடத்துக்கு 1,000 கனடிய டாலர் கட்டணம். அதை முதலாளிதான் கட்ட வேண்டும், தொழிலாளியிடமிருந்து திரும்ப வாங்கக்கூடாது என்பது சட்டம். அந்த மதிப்பீட்டுக் கடிதத்தின் நகலும் வேலை ஒப்பந்தமும் வந்த பிறகுதான் நீங்கள் வேலை அனுமதிக்கு விண்ணப்பிப்பீர்கள். அதற்கான கட்டணம் 155 டாலர், விரல்ரேகைக்கு 85 டாலர். 'எல்எம்ஐஏ இருக்கிறது, 15 லட்சம்' என்று யாராவது சொன்னால், விற்கக்கூடாத ஒன்றை விற்கிறார் என்று பொருள்.

இதில் பலர் அறியாத நுணுக்கம் ஒன்று. கனடாவில் விவசாயத் தொழிலாளர்களுக்குச் சில சலுகைகள் உண்டு, எல்எம்ஐஏ கட்டண விலக்கு உட்பட. மீன் பண்ணையும் பண்ணைதானே என்று நினைப்போம். ஆனால் 'முதன்மை விவசாயம்' என்பதற்கு அவர்களுடைய விதியில் உள்ள விளக்கம், கால்நடை வளர்ப்பைச் சொல்லும் இடத்தில் 'மீன் நீங்கலாக' என்று வெட்டிவிடுகிறது. 'விவசாயத் தொழிலாளர் திட்டத்தில் மீன் பண்ணைக்கு அனுப்புகிறோம்' என்று யாராவது சொன்னால் அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். அதேபோல கிழக்குக் கரை மாகாணங்களுக்கான அட்லாண்டிக் குடியேற்றத் திட்டம் ஐந்து திறன் நிலைகளுக்கு உரியது, ஆறாவதான கடைசி நிலை அதில் சேராது. சாதாரண மீன் பண்ணைத் தொழிலாளி வேலை அந்தக் கடைசி நிலையில்தான் இருக்கிறது. பண்ணை மேலாளருக்கோ தொழில்நுட்பருக்கோ அந்த வழி உண்டு.

இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். மேற்கே பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் கடலில் திறந்த வலைக்கூண்டில் சால்மன் வளர்ப்பதை 2029 ஜூன் 30உடன் முடிவுக்குக் கொண்டுவர கனடிய அரசு 2024 ஜூனில் முடிவெடுத்து அறிவித்தது. காட்டு சால்மனுக்கு ஏற்படும் பாதிப்பே காரணம். அங்கே பத்து வருட வேலை என்று ஒருவர் எழுதிக் கொடுத்தால் அந்தத் தேதியை நினைவில் வையுங்கள். கிழக்கே நியூ பிரன்ஸ்விக், நியூஃபவுண்ட்லாந்து கரைகளின் சால்மன் பண்ணைகளும், பிரின்ஸ் எட்வர்ட் தீவின் சிப்பி வளர்ப்பும் இந்த முடிவுக்கு உட்பட்டவை அல்ல. வேலை தேட கனடிய அரசின் 'ஜாப் பேங்க்' இருக்கிறது, இலவசம்.

நியூசிலாந்தைப் பற்றி நம் ஊரில் அதிகம் பேசுவதில்லை. குளக்கரை அனுபவம் உள்ளவருக்குக் கொஞ்சம் நேர்மையான வாசல் அங்கேதான் இருக்கிறது என்பது என் கணிப்பு. மார்ல்பரோ கடற்கால்களில் கிங் சால்மனும் பச்சைச் சிப்பியும் வளர்க்கிறார்கள். 2022 ஜூலையிலிருந்து அங்கே, அரசால் அங்கீகரிக்கப்பட்ட முதலாளிகள் மட்டுமே வெளிநாட்டுத் தொழிலாளியை எடுக்க முடியும். முதலாளியின் பெயர் அங்கீகாரப் பட்டியலில் இருக்கிறதா என்று அந்நாட்டுக் குடியேற்றத் துறையின் தளத்தில் நீங்களே தேடிப் பார்க்கலாம். கீழ்த்திறன் நிலை வேலைகளுக்கும் விசா உண்டு. ஆனால் இரண்டு வருடத் தொடர்புடைய அனுபவத்துக்குச் சான்றும், ஐஇஎல்டிஎஸ் 4 அளவுக்கு ஆங்கிலமும் கேட்கிறார்கள். நான்கு என்பது எட்டமுடியாத மதிப்பெண் இல்லை. ஆறு மாதம் மாலையில் உட்கார்ந்து படித்தால் வந்துவிடும். 'சான்று' என்ற சொல்லைக் குறித்துக்கொள்ளுங்கள், பிறகு வருகிறேன்.

ஆஸ்திரேலியாவில் டாஸ்மேனியாவின் ஹுவான் ஆற்று முகமும் மக்வாரி துறைமுகமும் சால்மன் பகுதிகள். அங்கே முதலாளி ஸ்பான்சர் செய்யும் விசா திறன்பட்டியலில் உள்ள தொழில்களுக்கு மட்டும். ஆண்டுச் சம்பள வரம்பு 2024 ஜூலையில் 73,150 டாலராக இருந்தது, ஒவ்வொரு ஜூலையிலும் ஏறுகிறது. சாதாரணப் பண்ணைத் தொழிலாளிக்கு அந்த வழி இல்லை. ஸ்பான்சர் செய்யப் பணம் வாங்குவதும் கொடுப்பதும் அங்கே 2015 டிசம்பரிலிருந்து சட்ட மீறல். கொடுத்தவரின் விசாவே ரத்தாகலாம்.

பிரிட்டன் இன்னும் இறுக்கம். 2025 ஜூலை 22 முதல் திறன்பெற்ற தொழிலாளர் விசா, சில விதிவிலக்குகள் போக, பட்டப்படிப்பு நிலை வேலைகளுக்குத்தான். பொதுவான சம்பள வரம்பு ஆண்டுக்கு 41,700 பவுண்டு. அவர்களுடைய பருவகாலத் தொழிலாளர் விசா தோட்டப்பயிருக்கும் கோழி இறைச்சித் தொழிலுக்கும் உரியது, மீனுக்கு இல்லை. ஆகவே 'ஸ்காட்லாந்து சால்மன் பண்ணைக்கு ஹெல்பர்' என்று வரும் விளம்பரத்தை அப்படியே ஒதுக்கிவிடலாம்.

மிச்சம் இருப்பது வளைகுடா. நம் இறால் பண்ணை ஆட்களுக்கு நடைமுறையில் மிக நெருக்கமான வழி இதுதான். சவூதியில் ஜெத்தாவுக்குத் தெற்கே செங்கடல் ஓரம் அல் லித் என்ற இடத்தில் உலகின் பெரிய ஒருங்கிணைந்த இறால் பண்ணைகளில் ஒன்று இருக்கிறது. அங்கே முன்பு வளர்த்தது நம் நாட்டு வெள்ளை இறாலின் இனம்தான். வெள்ளைப்புள்ளி நோய் அடித்த பிறகு வனாமி இறாலுக்கு மாறினார்கள். நாமும் அதே நோயைப் பார்த்தோம், 2009இல் வனாமியைக் கொண்டுவந்தோம். குஞ்சு இறக்குவது, செக் ட்ரே பார்ப்பது, தீவனம் கணக்கிடுவது, வீச்சுவலை போட்டு எடை எடுப்பது எல்லாம் அங்கேயும் அதே வேலை. சவூதி தொழிலாளர் சட்டத்தின்படி ஆள் எடுக்கும் செலவு, இக்காமா என்கிற வசிப்பு அனுமதி, வேலை அனுமதி, அவற்றின் புதுப்பித்தல், வேலை முடிந்து ஊர் திரும்பும் டிக்கெட் எல்லாம் முதலாளியின் செலவு. பாஸ்போர்ட்டை முதலாளி வாங்கி வைத்துக்கொள்வதும் அங்கே சட்டப்படி தவறு. 2021 மார்ச்சிலிருந்து, ஒரு வருடம் முடித்தவர் சில நிபந்தனைகளோடு பழைய முதலாளியின் சம்மதம் இல்லாமலே வேறு வேலைக்கு மாறலாம். விசாவில் எழுதியிருக்கும் தொழிலை மட்டும் கவனமாகப் பாருங்கள். பண்ணைத் தொழிலாளி என்று பேசி, வேறு ஏதோ தொழிலின் பெயரில் விசா வந்தால், அங்கே போன பிறகு உங்கள் உரிமைகள் எல்லாம் அந்த வேறு தொழிலுக்குத்தான் எழுதியிருக்கும்.

இங்கே செய்ய வேண்டியது

பத்தாம் வகுப்பு தேறாதவரின் பாஸ்போர்ட் 'இசிஆர்' வகை. சவூதி, ஓமன், குவைத், கத்தார், அமீரகம், பஹ்ரைன், மலேசியா உட்பட 18 நாடுகளுக்கு அவர் வேலைக்குப் போக வேண்டுமானால் குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகத்தின் அனுமதி வேண்டும். இதைப் பலர் இடைஞ்சலாகப் பார்க்கிறார்கள். எனக்கு அது வேலியாகத் தெரிகிறது. முதலாளியும் ஒப்பந்தமும் மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் பதிவான பிறகுதான் அனுமதி கிடைக்கும், ஆகவே ஒருமுறையாவது ஓர் அரசு அதிகாரி அந்தத் தாளைப் பார்க்கிறார். பத்தாவது தேறியவருக்கு அந்த வேலி இல்லை. அவர் தாமே பார்த்துக்கொள்ள வேண்டும். இந்த அனுமதியோடு வரும் பிரவாசி பாரதிய பீமா யோஜனா காப்பீட்டுக்கு இரண்டு வருடத்துக்கு 275 ரூபாய், மூன்று வருடத்துக்கு 375 ரூபாய். விபத்து மரணத்துக்கும் நிரந்தர ஊனத்துக்கும் 10 லட்சம் ரூபாய் பாதுகாப்பு.

ஏஜென்ட் வழியாகப் போகிறீர்களா? 1983ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டப்படி வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுப்பவர் மத்திய வெளியுறவு அமைச்சகத்திடம் உரிமம் பெற்றிருக்க வேண்டும். உரிம எண்ணை இ-மைக்ரேட் தளத்தில் போட்டுப் பார்த்தால் அது உயிரோடு இருக்கிறதா, நிறுத்தப்பட்டதா, காலாவதியானதா என்று தெரியும். உரிமம் பெற்றவர் தன் சேவைக்கு வாங்கக்கூடிய அதிகபட்சத் தொகை 30,000 ரூபாயும் அதற்கான ஜிஎஸ்டியும். ரசீது தர வேண்டும். ஊருக்குள் வந்து பேசும் 'சப் ஏஜென்ட்' என்ற ஆளை அந்தச் சட்டம் அங்கீகரிக்கவே இல்லை. அவர் உங்கள் மாமாவுக்கு வேண்டியவராக இருக்கலாம், கோயில் திருவிழாவுக்கு நன்கொடை கொடுத்தவராக இருக்கலாம். கையில் உரிமம் இல்லை என்றால் பணம் கொடுக்காதீர்கள்.

தமிழ்நாடு அரசுக்குச் சொந்தமாக அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் 1978 முதல் சென்னையில் இயங்குகிறது. தன் அறிவிப்புகளைத் தன் இணையதளத்தில் போடுகிறது. மீன் பண்ணை வேலை எப்போதும் இருக்கும் என்று சொல்லமாட்டேன். ஆனால் பெயரைப் பதிந்து வைப்பதில் நட்டமில்லை.

சுற்றுலா விசாவில் போய் அங்கே மாற்றிக்கொள்ளலாம் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். தாய்லாந்தில் வேலை என்று சொல்லி அழைத்துப்போய், எல்லை தாண்டி மியான்மரில் இணைய மோசடிக் கூடங்களில் அடைத்த கதை 2022 முதல் நாம் செய்தித்தாளில் படித்துவருவதுதான். அங்கே சிக்கி மீண்டு வந்தவர்களில் நம் தமிழ்ப் பிள்ளைகளும் உண்டு.

தாளைத் தயார் செய்வது

சான்று என்று சொன்னேனே, அதற்கு வருகிறேன். நம் கரையோர இளைஞர்களிடம் வேலை தெரியும், தாள் இல்லை. வாரக் கூலி கையில் ரொக்கமாக வரும். பண்ணை முதலாளி போனில் கூப்பிட்டால் போவார்கள், அறுவடை முடிந்தால் அடுத்த பண்ணைக்குப் போவார்கள். ஆறு வருடம் ஓடியிருக்கும், காட்டுவதற்கு ஒரு காகிதம் இருக்காது. பொய் ஏஜென்ட் இந்த இடத்தில்தான் நுழைகிறான். அவன் காகிதம் கேட்பதில்லை, பணம் கேட்கிறான். உண்மையான முதலாளி பணம் கேட்பதில்லை, காகிதம் கேட்கிறார். நம் ஆட்களுக்கு முதலாமவன் சுலபமாகத் தெரிவது இதனால்தான்.

ஆகவே இன்றிலிருந்து தொடங்குங்கள். சம்பளத்தை வங்கிக் கணக்கில் போடச் சொல்லுங்கள். பண்ணை உரிமையாளரிடம் அனுபவக் கடிதம் கேளுங்கள். உவர்நீர்ப் பண்ணைகள் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையத்தில் பதிவு செய்திருக்க வேண்டும் என்பது 2005 முதல் சட்டம். அந்தப் பதிவு எண் கடிதத்தில் இருந்தால், கடல் தாண்டி உட்கார்ந்திருக்கும் ஒரு விசா அதிகாரி அதைச் சரிபார்க்க முடியும். என்ன வேலை, எந்த மாதத்திலிருந்து எந்த மாதம் வரை, வாரம் எத்தனை மணி நேரம் என்பது எழுதியிருக்க வேண்டும்.

குளத்து நோட்டு ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். காலை, மாலை ஆக்சிஜன் அளவு, உப்புத்தன்மை, பிஎச், போட்ட தீவனம், செக் ட்ரேயில் மிச்சம், செத்தது எத்தனை. ஒரு பட்டம் முடிந்ததும் அந்த நோட்டிலிருந்து ஒரே ஒரு வரி எடுத்து உங்கள் தகவல் குறிப்பில் எழுதுங்கள்: 'தலா 2 ஏக்கரில் நான்கு குளம், சதுர மீட்டருக்கு 40 குஞ்சு, 110 நாள், பிழைப்பு 78 சதவீதம், எஃப்சிஆர் 1.4.' 'கடின உழைப்பாளி, நேர்மையானவன்' என்று ஒரு பக்கம் எழுதுவதைவிட இந்த ஒரு வரி ஆயிரம் பேசும். எஃப்சிஆர் என்பது ஒரு கிலோ எடை கூட எத்தனை கிலோ தீவனம் போனது என்ற கணக்கு. உலகத்தில் எந்த மீன் பண்ணை முதலாளியும் அதைக் கேட்டால் நிமிர்ந்து உட்காருவார், ஏனென்றால் அவருடைய பெருஞ்செலவு தீவனம்தான்.

பயிற்சிக்கு வெகுதூரம் போக வேண்டாம். சென்னையில் மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. சீர்காழியில் ராஜீவ் காந்தி நீர்வாழ் உயிரின வளர்ப்பு மையம் இருக்கிறது, கொடுவா ஹேட்சரி அனுபவம் அங்கே கிடைக்கும். நாகப்பட்டினத்தில் மீன்வளப் பல்கலைக்கழகமும் தூத்துக்குடியில் அதன் பழைய கல்லூரியும் உள்ளன. மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் மையம் கடல் விரால் கூண்டு வளர்ப்பில் பேர்பெற்றது. கடலில் கூண்டு வேலை தேடுகிறவருக்கு, குளத்து அனுபவத்தோடு மண்டபத்துக் கூண்டில் பழகியதும் சேர்ந்தால் தனி மதிப்பு. இவை நடத்தும் குறுகிய காலப் பயிற்சிகளின் சான்றிதழ் அரசு நிறுவனத்தின் பெயரில் வரும்.

நிஜமான அழைப்பு எப்படி வரும்?

மின்னஞ்சல் நிறுவனத்தின் சொந்த முகவரியிலிருந்து வரும், இலவச ஜிமெயில் முகவரியிலிருந்து வராது. பெரிய கம்பெனிகளின் பெயரையும் முத்திரையையும் திருடிப் போடுவது மோசடிக்காரர்களுக்குச் சுலபம். ஆகவே கடிதத்தில் உள்ள எண்ணை விட்டுவிட்டு, கம்பெனியின் இணையதளத்தை நீங்களே தேடித் திறந்து, அங்கே இருக்கும் முகவரிக்கு 'இப்படி ஒரு கடிதம் வந்திருக்கிறது, உங்களுடையதா?' என்று எழுதுங்கள். இரண்டு வரி ஆங்கிலம் போதும். உண்மையான முதலாளி உங்களை வீடியோவில் பார்த்துப் பேசுவார், வேலையைப் பற்றிக் கேள்வி கேட்பார். அரை மணி நேரத்தில் ஒருமுறை கூட மீனைப் பற்றிக் கேட்காதவர் மீன் பண்ணைக்காரர் அல்ல.

ஒப்பந்தத்தில் வேலை நேரம், கூடுதல் நேரத்துக்குச் சம்பளம், தங்குமிடத்துக்குப் பிடித்தம் உண்டா, மருத்துவக் காப்பீடு, திரும்பும் டிக்கெட், பணி நீக்கத்துக்கு முன்னறிவிப்பு ஆகியவற்றைப் படியுங்கள். புரியாவிட்டால் ஊரில் ஓர் ஆசிரியரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். மீன் செத்தால் சம்பளத்தில் பிடிப்போம் என்ற வரி இருந்தால் கையெழுத்துப் போடாதீர்கள். ஒப்பந்தம், விசா, பாஸ்போர்ட் மூன்றின் நகலையும் வீட்டில் ஒருவரிடம் கொடுத்துவிட்டுப் போங்கள்.

அங்கே போன பிறகு கொடுமை நடந்தால் சகித்துக்கொண்டு கிடக்க வேண்டியதில்லை. கனடாவில் முதலாளியின் கொடுமைக்கு ஆளானவருக்கு எந்த முதலாளியிடமும் வேலை பார்க்கத் தனி அனுமதி 2019 ஜூனிலிருந்து உண்டு. நியூசிலாந்தில் அப்படியொரு பாதுகாப்பு விசா 2021 ஜூலையிலிருந்து இருக்கிறது. வளைகுடாவில் இந்தியத் தூதரகத்தை நேரில் அணுகலாம், மதத் தளத்தில் புகார் பதியலாம். 'மதத்' என்பது வெளியுறவு அமைச்சகத்தின் புகார்த் தளத்தின் பெயர், இந்தியில் உதவி என்று பொருள். தமிழ்நாட்டில் அயலகத் தமிழர் நலன் மற்றும் மறுவாழ்வு ஆணையரகம் இருக்கிறது.

அந்தத் தம்பி பணம் கட்டவில்லை. மூன்றாம் நாள் கடிதக்காரன் போனில் திட்டினான், ஐந்தாம் நாள் 'பாதி கட்டினால் போதும்' என்றான், பிறகு அந்த எண் அணைந்துவிட்டது. தம்பி இப்போது குளத்து மேட்டில் நோட்டு வைத்திருக்கிறார். போன மாதம் பார்த்தபோது இரண்டு பட்டத்துக் கணக்கும், பண்ணை உரிமையாளர் எழுதிக் கொடுத்த கடிதமும் ஒரு பிளாஸ்டிக் உறையில் பத்திரமாக இருந்தன. வேலை இன்னும் கிடைக்கவில்லை. விண்ணப்பித்துக்கொண்டிருக்கிறார்.

உங்கள் கையிலும் அப்படி ஒரு கடிதம் இருந்தால், நகையை அடகு வைப்பதற்கு முன் சென்னையில் உள்ள குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகத்தில் கொண்டுபோய்க் காட்டுங்கள். விசாரிப்பதற்குக் கட்டணம் கிடையாது.